குருத்தணு மாற்றுக்குப் பின் எதிர்ப்பாற்றல் மீட்சியும் வைரஸ் தொற்றும்

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்காக நோயாளியின் எலும்பு மஜ்ஜையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்து, கொடையாளரின் குருத்தணுக்களை ஏற்றியபின், நோய் எதிர்ப்பாற்றல் சிறுகச் சிறுகத் திரும்பும் காலத்தை எதிர்ப்பாற்றல் மீட்சி என்பர். பழைய காவல் நீங்கிப் புதியது வேரூன்றும் இந்த இடைவெளியில் வைரஸ்கள் தலையெடுக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறுவயதிலேயே உடலுக்குள் புகுந்து அடங்கிக் கிடந்தவை.

மஜ்ஜை மாற்று 1957-இல் அமெரிக்காவில் ஈ. டொனால் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதிலிருந்து தொடங்குகிறது. அவர்களில் எவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. 1968-இல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையை அளித்துக் காப்பாற்றினார். தாமஸுக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் முதல் மாற்று 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானியால் செய்யப்பட்டது. அவர் சிறுவயதில் போலியோவால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் மாமன் சாண்டி இப்பணியைத் தொடங்கினார். அங்கே டி. ஜேக்கப் ஜான் உருவாக்கிய வைரஸ் ஆய்வுத் துறை அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில், அதே ஆய்வகத்தில்தான். மஜ்ஜை மாற்று செய்யும் இடத்துக்கு நல்ல வைரஸ் ஆய்வகம் எவ்வளவு அவசியம் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

மாற்றுக்குப் பின் எல்லா அணுக்களும் ஒன்றாகத் திரும்புவதில்லை. பாக்டீரியாவை எதிர்க்கும் நியூட்ரோஃபில்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வந்துவிடும். ‘கவுன்ட் ஏறிவிட்டது’ என்று உறவினர்கள் மகிழ்வது அப்போதுதான். ஆனால் வைரஸை எதிர்க்க வேண்டிய டி அணுக்கள் முழு வலுவடைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவை பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி வயது ஏறச் சுருங்குவதால், குழந்தைகளைவிடப் பெரியவர்கள் மெதுவாக மீள்கிறார்கள். கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கினால், அதை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மீட்சியை இன்னும் பின்தள்ளும்.

முதல் வாரங்களில் வாய்ப்புண்ணாக வெளிப்படும் ஹெர்ப்பிஸ் வைரஸ் தொல்லை தரும். 1981-இல் அசைக்ளோவிர் மருந்து அதைப் பெருமளவு தடுக்கிறது என நிறுவப்பட்டது. கவுன்ட் ஏறியது முதல் நூறாவது நாள் வரை சைட்டோமெகாலோ வைரஸின் காலம். அடினோ வைரஸும், சிறுநீரில் ரத்தம் வரச்செய்யும் பி.கே. வைரஸும் இதே வேளையில் வரலாம்.

இவற்றில் நெடுங்காலம் அதிக அச்சம் தந்தது சைட்டோமெகாலோ. தொடக்கக் காலத்தில் அது நுரையீரலைத் தாக்கினால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் இறந்தனர். கேன்சைக்ளோவிர் வந்தும் சிக்கல் தீரவில்லை. வைரஸை அடக்கும் அம்மருந்தே புதிதாக முளைத்த மஜ்ஜையையும் வாட்டியது. 1991-இல் வெளிவந்த ஆய்வுகள் வேறு வழி காட்டின. நோய் வெளிப்படும்வரை காத்திராமல், எல்லாருக்கும் மருந்தை வாரி வழங்காமல், வைரஸ் பெருகத் தொடங்கியதைச் சோதனையில் கண்டவர்களுக்கு மட்டும் உடனே தருவது அது. இன்று வாரந்தோறும் ரத்தத்தில் பி.சி.ஆர். பார்ப்பது அதன் தொடர்ச்சியே. இத்துறையில் இதைவிட அதிக உயிர்களைக் காத்த எளிய யோசனை வேறில்லை என்பது என் கணிப்பு. 2017-இல் ஒப்புதல் பெற்ற லெட்டர்மோவிர் மஜ்ஜையை வாட்டாமல் இவ்வைரஸைத் தடுக்கிறது. வைரஸை இனங்காணும் டி அணுக்களைக் கொடையாளரிடமிருந்து பிரித்து, வளர்த்துச் செலுத்தும் முறையும் 1990-களில் பிறந்தது.

மேலைநாடுகளில் இந்த வைரஸ் படாத பெரியவர்கள் கணிசமாக இருப்பதால், தொற்றில்லாத நோயாளிக்குத் தொற்றில்லாத கொடையாளரைத் தேடலாம். நம் நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இளமையிலேயே வந்துவிடுகிறது. ஆகவே இங்கே விடாத கண்காணிப்பே முதல் காப்பு. 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் கொடையாளரைத் தேடித் தருகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மஜ்ஜை மாற்றுக்கு உதவுகிறது. ஆனால் மாற்று முடிந்தபின் மாதக்கணக்கில் நீளும் சோதனைச் செலவும், பெருநகரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் செலவும் குடும்பங்களைக் கடனில் தள்ளுகின்றன. உதவி அந்த மாதங்களுக்கும் நீள வேண்டும்.

நூறு நாள் கடந்து ஊர் திரும்பியபின்னும் ஆபத்து முடிவதில்லை. அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் போன்ற ஊரிலிருந்து வேலூர் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால்; நினைத்தவுடன் அங்கே ஓட முடியாது என்பதால் ஊரிலேயே கவனமாக இருக்க வேண்டும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவு உடலில் பெரிதும் அழிந்திருக்கும். அவற்றைப் பெரும்பாலும் ஆறாம் மாதம் முதல் மீண்டும் போட வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிருள்ள வகைகளுக்கு இரண்டு ஆண்டாவது பொறுக்க வேண்டும். சின்னம்மைக்குப் பின் நரம்புகளில் பதுங்கும் வைரஸ் இக்காலத்தில் அக்கியாக எழும். அதனால்தான் அசைக்ளோவிர் ஓராண்டுக்காவது தரப்படுகிறது. ‘உடம்பு தேறிவிட்டதே’ என்று அதை நடுவில் நிறுத்தக்கூடாது.

நம் ஊர்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதுவது வழக்கம். பெரியவர்கள் நம்பிக்கையோடு செய்துவந்தது அது. மாற்று செய்துகொண்டவருக்கோ அக்கி நுரையீரல், ஈரல், மூளை வரை பரவக்கூடும். ஒரு கொப்புளம் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாற்று செய்த இடத்தின் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.