பனிமயதாசனுக்கு யார் பாடினார்கள்? முத்துக்குளித்துறையின் இரங்கல் மரபும் மேலைப் பாட்டும்

1974 மார்ச் 8 அன்று சென்னையில் திரைப்பட நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே. பி. சந்திரபாபு காலமானபோது அவருக்கு வயது 46. அவர் கிட்டார் வாசித்துப் பேர் எடுத்தவர் இல்லை. ஆனால் 1950களில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய ராக் அண்ட் ரோல் அலைக்குத் தமிழில் ஒரு தொண்டையும் ஓர் உடம்பும் கிடைத்தது அவரிடம்தான். மேலைநாடுகளில் ஒரு ராக் கிட்டார் கலைஞர் இறந்தால் ரசிகர்கள் எப்படி அழுகிறார்கள் என்பதை ஆராய்ந்த நூல்கள் ஏராளம். தமிழ்ச் சமூகத்தில் அதற்கு இணையான மரணம் எது என்று தேடினால், தூத்துக்குடியில் 1927இல் பிறந்த ஜோசப் பனிமயதாசன் சந்திரபாபுவின் மரணமே முதலில் வந்து நிற்கிறது. அவரை நாம் இசைக் கலைஞராக அழுது அனுப்பவில்லை என்பதும், அதற்கான காரணத்தை அவர் பிறந்த கரையின் இரங்கல் மரபிலேயே தேடலாம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கரையில் அழுகை

தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறையின் கடலோரச் சமூகமான பரதவர்கள் 1530களின் நடுவில் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைக் கூட்டியதையும், தமிழாக்கிய செபங்களை அவர்களை உரக்கச் சொல்லவைத்ததையும் அவரே தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தம்மால் போய்ச்சேர முடியாதபோது அந்தச் சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் குடும்பத்தாரைக் கூட்டி வைத்து விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். புதிய மதத்தின் ஓசை இந்த ஊர்களில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்தது படுக்கையில் கிடந்த ஒருவரின் தலைமாட்டுக்குத்தான். மேலைப் பாட்டு இங்கே கேளிக்கையாக வருவதற்கு நெடுங்காலம் முன்பே நோயோடும் சாவோடும் ஒட்டி வந்துவிட்டது.

பொது இரங்கலுக்கும் பழைய சான்று இருக்கிறது. கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறக் காரணமாக இருந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் 1600இல் இறந்து தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். அருகிலிருந்த முஸ்லிம்கள் ஒரு நாளும் சுற்றுவட்டார இந்துக்கள் இரண்டு நாளும் நோன்பிருந்ததாகவும், கடைத்தெருக்கள் அடைக்கப்பட்டதாகவும் யேசு சபைப் பதிவுகள் சொல்கின்றன. தமிழை எழுத்தெண்ணிப் படித்த ஒரு போர்ச்சுகல்காரருக்காக மூன்று மதத்தாரும் துக்கம் காத்திருக்கிறார்கள். கடையடைப்பு இன்றும் இந்த வட்டாரத்தில் துக்கத்தின் அடையாளமாக இருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பதிவை மிகை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் ஒடுக்கப்பட்ட அந்தக் காலத்தில், டச்சு ஆட்சியிலேயே இருந்த எதிர்க்கரையான இலங்கையில், கோவாவிலிருந்து போன யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிக்கும் நூல். தவக்காலத்தில் அதை வாசிக்கும் முறை தனி. ஒருவர் குரலை மேலே ஏற்றித் தொடங்கி, வாக்கியத்தின் கடைசி அசையை நீட்டி, சுருதி சரியச் சரிய இறக்குவார். மூச்சு முடிகிற இடத்தில்தான் வாக்கியமும் முடியும். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்தச் சரிவில் விசும்புவார்கள். உள்ளடக்கம் விவிலியத்துடையது, குரலின் போக்கோ வீட்டு முற்றத்து ஒப்பாரியுடையது. ஐரோப்பியத் துயரக்கதை தமிழ் அழுகை மெட்டில் ஏறியமர்ந்த இடம் இதுதான்.

ஒப்பாரிக்கு ஓர் அடுக்குமுறை உண்டு. செத்தவர் என்ன பாடினார், என்ன செய்தார் என்பதை அது அதிகம் பேசாது. எப்படிப்பட்ட வீடு, எவ்வளவு செல்வம், எத்தனை பேர் சூழ இருந்தார் என்று அடுக்கும். பிறகு ஒவ்வொன்றாக எப்படிப் போயிற்று என்று அடுக்கும். இழப்பின் பட்டியலே அதன் உயிர். சந்திரபாபுவுக்கு நாம் எழுதிய இரங்கல்களைப் படிக்கும்போது இந்த அடுக்குமுறை மறுபடி தேவைப்படும்.

எட்டயபுரத்து வழி

கரையிலிருந்து உள்நாட்டுக்குள் போனால் வேறொரு கதை. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கும் எட்டயபுரம் அரண்மனையில் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) வயலின் வாசித்தார். சென்னைக் கோட்டையைச் சேர்ந்த ஐரோப்பிய இசைக்கலைஞரிடம் அந்த வாத்தியத்தைக் கற்று, கர்நாடக இசைக்கு அதைப் பழக்கியவர் அவர். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சொற்களைப் பொருத்தி நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தவர். அவர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்திலேயே இறந்தார். சமாதியும் அங்கேதான், ஆண்டுதோறும் தீபாவளியன்று அவருடைய கீர்த்தனைகளைப் பாடி நினைவுகூர்கிறார்கள்.

அந்த இரங்கல் அதோடு நிற்கவில்லை. அவர் குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் அவருடைய கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்போடு பதிந்து வைத்தார். இறந்தவருக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது என்ன இருக்க முடியும்? கரையில் துக்கம் ஒப்பாரியாகக் கரைந்தது. ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் அதே துக்கம் நோட்டுப்புத்தகமாகக் கெட்டிப்பட்டது. இரண்டு முறைகளும் ஒரே வட்டாரத்தில் அருகருகே இருந்திருக்கின்றன.

கடல் கொண்டுவந்த பாட்டு

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிப் பாதை திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்கள் ஓடியதும் இதே தடத்தில்தான். பரதவர்க்குக் கொழும்பு அயலூர் இல்லை. சொந்தபந்தம், வியாபாரம், கோயில் எல்லாம் அங்கேயும் உண்டு. அந்தக் கொழும்பில் பறங்கியர் எனப்பட்ட கலப்பினத்தாரின் கிட்டாரும் பயிலா என்னும் துள்ளிசையும், கிராமபோனில் சுழன்ற ஆங்கிலப் பாட்டும் தெருவில் கேட்டன.

சந்திரபாபு வளர்ந்தது அங்கே. தந்தை ஜே. பி. ரொட்ரிக்ஸ் 'சுதந்திர வீரன்' பத்திரிகை நடத்திய விடுதலைப் போராட்டக்காரர். ஆங்கிலேய அரசின் நெருக்குதலால் குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. 1940களில் சென்னை திரும்பினார்கள். 1947இல் 'தன அமராவதி'யில் முதல் வேடம். அதன்பின் வாய்ப்பில்லாமல் அலைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்து, பிழைத்து எழுந்து 1952இல் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் இடம் பெற்றார். 1954இல் 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடினார். வீணை மேதை ஒருவர் திரையில் வாயசைக்க, மேலைத்தொண்டை ஒன்று பின்னாலிருந்து பாடியது தமிழ்த்திரை வரலாற்றில் நினைத்துப் பார்க்க வேண்டிய சந்திப்பு. 'மணமகன் தேவை', 'புதையல்', 'மரகதம்', 'சகோதரி', 'குமார ராஜா', 'அன்னை' என்று 1957க்கும் 1962க்கும் நடுவில் அவர் பாடிய பாட்டுகள் இன்றும் தெருவில் கேட்கின்றன.

அவருடைய தனித்திறன் யோடலிங். ஆல்ப்ஸ் மலை இடையர்கள் கூப்பிட்டுக்கொள்ளும் இந்தக் குரல்முறை, அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள் வழியாக இசைத்தட்டில் ஏறி உலகம் சுற்றியது. நெஞ்சுக்குரலில் ஒரு சுரத்தைப் பிடித்து, இடையில் எதுவும் இழைக்காமல், பொய்க்குரலின் மேல்சுரத்துக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டும். நம் பாடகர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்று மறைக்கும் அந்தக் குரல்முறிவை வெளியே காட்டுவதுதான் யோடலிங்கின் அழகு. கமகத்தில் ஊறிய காதுக்கு முதலில் அது பிசிறாகத்தான் படும். சந்திரபாபு அதைத் துல்லியமாகச் செய்தார். தாவி ஏறிய மேல்சுரத்தில் சுருதி விலகாமல் நின்று, சிரித்துக்கொண்டே இறங்கினார். ராக் கிட்டாரில் கம்பியை இழுத்துச் சுரத்தை அழவைப்பதுபோல அவர் தொண்டையை வளைத்தார் என்று நான் கருதுகிறேன். மின் கிட்டார் தமிழ்த்திரையில் தன் இடத்தைப் பிடிப்பதற்கு முன்பு, அதன் வேலையைச் செய்த குரல் அது.

வானொலியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1952க்குப் பிறகு அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இலங்கை வானொலிதான் அவற்றை ஒலிபரப்பியது. மன்னார் வளைகுடாவின் குறுக்கே அதன் அலை தெளிவாகக் கிடைத்த கரைகளில் தூத்துக்குடியும் ஒன்று. கொழும்பில் வளர்ந்த தூத்துக்குடிப் பிள்ளையின் குரல், சென்னையில் பதிவாகி, கொழும்பு போய், அங்கிருந்து தூத்துக்குடி வீடுகளுக்கு வந்தது.

1974

அவர் உடல் சென்னை சாந்தோம் பக்கத்திலுள்ள குயிப்பிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியது. அதன்பின் அரை நூற்றாண்டாக அவரைப் பற்றி வந்த எழுத்தில் திரும்பத் திரும்ப வருபவை இவை: கார் நேரே மாடிக்கு ஏறும்படி கட்டத் தொடங்கி முடியாமல்போன வீடு, எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கி நின்றுபோன 'மாடி வீட்டு ஏழை', சொந்தமாக இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) தந்த ஏமாற்றம், மண முறிவு, குடி. முகில் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் பெயரே 'கண்ணீரும் புன்னகையும்'. வீடு, செல்வம், சுற்றம், பிறகு ஒவ்வொன்றாகப் போனது. முற்றத்து ஒப்பாரியின் அதே அடுக்கு. நாம் அவருக்கு மனப்பூர்வமாக அழுதோம். ஆனால் அந்த அழுகையில் இசைக்கு இடம் வைக்கவில்லை. யோடலிங்கை எங்கே கற்றார், எந்த இசைத்தட்டுகளைக் கேட்டார், பதிவரங்கில் எம்.எஸ். விஸ்வநாதனோடும் ஆர். சுதர்சனத்தோடும் எப்படி வேலை செய்தார் என்ற கேள்விகள் துணுக்குகளாகச் சிதறிவிட்டன. எட்டயபுரத்தில் ஒரு சுப்பராம தீட்சிதர் இருந்தார். சந்திரபாபுவுக்கு அப்படி ஒருவர் வாய்க்காதது எனக்கு ஆறாத வருத்தம்.

அதே காலத்து மேலைநாட்டு மரணம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1970 செப்டம்பர் 18 அன்று ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 27 வயதில் லண்டனில் இறந்தார். அக்டோபர் 1 அன்று சியாட்டிலில் இறுதிச் சடங்கு முடிந்ததும், வந்திருந்த கலைஞர்கள் ஒன்றுகூடி வாசித்தார்கள். ஹென்ட்ரிக்ஸின் வாழ்க்கையிலும் இழப்புகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அவரைப் பற்றிய நினைவு கிட்டாரைச் சுற்றியே கட்டப்பட்டது. எதிர்க்கரையிலும் அப்படியே. 1966இல் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கி, மின் கிட்டாரைச் சிங்கள மெல்லிசையில் நிலைநிறுத்திய கிளாரன்ஸ் விஜேவர்தன 1996 டிசம்பர் 13 அன்று மறைந்தார். இலங்கையில் அவர் பெயரைச் சொன்னால் முதலில் வருவது அவருடைய மெட்டு. கதைகள் அதற்குப் பின்னால்தான்.

மேடையும் கோயிலும்

எழுத்தில் இல்லாத இரங்கல் வேறிடத்தில் நடந்தது. 1970களுக்குப் பின் தமிழ்நாடெங்கும் பெருகிய மெல்லிசைக் குழுக்களில் டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர், பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலுக்கு ஒருவர் என்று இருந்ததுபோல, சந்திரபாபு பாட்டுக்கும் ஒருவர் இருந்தார். கோட்டும் தொப்பியும் போட்டு, இடுப்பை ஒடித்து, பொய்க்குரலைத் தாவிப் பிடிக்க முயன்ற அந்தப் பெயர் தெரியாத பாடகர்கள்தான் அவருடைய குரல்முறையை உயிரோடு வைத்திருந்தவர்கள். ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப்போக வேண்டும்.

இன்னொரு மாற்றம் கோயிலில் நடந்தது. 1962–65 இரண்டாம் வத்திக்கான் சங்கம் உள்ளூர் மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது. லத்தீன் பூசை தமிழாயிற்று. பாடகர் குழுவில் ஆர்மோனியத்தோடு கிட்டாரும், பின்னாளில் கீபோர்டும் சேர்ந்தன. கரையோர ஊர்களில் பல இளைஞர்கள் முதன்முதலாகக் கிட்டாரைத் தொட்டது ஞாயிறு பூசைக்காகத்தான். அதே பிள்ளைகள்தாம் அடக்கப் பூசைக்கும், முப்பதாம் நாள் பூசைக்கும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் வாசிக்கிறார்கள். சவேரியாரின் மணியோசைக்குக் கூடி நோயாளியின் வீட்டுக்குப் போன சிறுவர்களின் வரிசை இப்படிக் கிட்டார் வரை நீண்டிருக்கிறது.

2018 ஜனவரி 22 அன்று சென்னையில் ஏ. ஈ. மனோகரன் இறந்தார். 'சிலோன் மனோகர்' என்று இங்கே அறியப்பட்டவர். பயிலாவைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். அவரும் திரையில் வில்லன், துணை வேடம் என்று நடித்தவர்தான். அவர் வாழ்விலும் சொல்வதற்குக் கதைகள் இருந்திருக்கும். ஆனால் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அவரைப் 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்றும் 'சுராங்கனி' பாடகர் என்றும் சொல்லி அனுப்பிவைத்தன. 44 ஆண்டுகளுக்கு முன் சந்திரபாபுவுக்குக் கிடைக்காத இரங்கல் அவருக்குக் கிடைத்தது.