மெடிக்கல் சீட் கிடைக்காத பெண்ணும், பானைக்குள் இருக்கும் இன்சுலினும்

1/
போன மாதம் ஓ.பி.யில் ஒரு அம்மா. பந்தல்குடி பக்கம் ஒரு கிராமம். பத்து வருஷமா சுகர்.

"இன்சுலினை எங்கம்மா வைக்கிறீங்க?"

"ஃப்ரிட்ஜ் ஏது டாக்டரம்மா? மணலைப் போட்டு தண்ணி தெளிச்சு, பானைக்குள்ளதான் வச்சிருக்கேன்."

சரியான பதில். நாங்க சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான்.

(அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

2/
கூட வந்த மகள் பி.டெக் பயோடெக்னாலஜி. இப்போ ஒரு மில்லில் கணக்கு எழுதுறாங்க.

அவங்களுக்கு ஒரு திட்டம் இருக்கு. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா மாதிரி உயிர் உரங்களை இங்கேயே தயாரிக்கணும். நம்ம கரிசல் காட்டு மல்லி, மிளகாய், பருத்திக்கு.

வானம் பார்த்த பூமியில் மழையும் பொய்த்து, உரக்கடனும் ஏறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டுக்கு நல்லாவே தெரியும்.

3/
தேவை: ஒரு ஃபெர்மென்டர், ஒரு ஆட்டோகிளேவ், தூசி இல்லாத ஒரு அறை. சில லட்சங்கள்.

ஒரு வங்கிக்குப் போயிருக்காங்க. முதல் கேள்வி, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

இரண்டாவது கேள்வி, "அடமானம் வைக்க என்ன இருக்கு?"

அப்பா இல்லை. நிலத்தின் பட்டா இன்னும் தாத்தா பேரில். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கலையாம்.

4/
"மேடம், இந்த மாதிரி தொழில்ல பொண்ணுங்க யாராச்சும் தனியா ஜெயிச்சிருக்காங்களா?"

"உங்கம்மா பானைக்குள்ள வைக்கிற மருந்தோட கதையிலயே பதில் இருக்கு"ன்னு சொன்னேன். அதுக்கு மேல பேச முடியலை. வெளியே வரிசை வராண்டா தாண்டி நின்னுச்சு.

அன்னைக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்றேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க மக்களே.

5/
பெங்களூரு. 1953ல் பிறந்த ஒரு பெண். அப்பா ரசேந்திர மஜும்தார், யுனைடெட் ப்ரூவரீஸில் தலைமை ப்ரூமாஸ்டர். அதாவது பீர் தயாரிப்பின் தலைமைப் பொறுப்பாளர்.

மகளுக்கு டாக்டர் ஆக ஆசை. மருத்துவம் படிக்கும் வாய்ப்பு அமையலை. விலங்கியல் படித்தார்.

பெயர் கிரண் மஜும்தார். பின்னாளில் கிரண் மஜும்தார் ஷா.

6/
"நீயும் ப்ரூயிங் படியேன்" என்றார் அப்பா. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் கல்லூரிக்குப் போனார். அந்தப் படிப்பில் இருந்த ஒரே பெண் அவர்தான். வகுப்பில் முதலிடமும் அவர்தான்.

ஊர் திரும்பினால் யாரும் ப்ரூமாஸ்டர் வேலை தரலை. "அது ஆம்பளைங்க வேலை" என்றார்கள்.

7/
இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. ப்ரூயிங் என்றால் சாராயக் கதை என்று நினைச்சிடாதீங்க.

ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குச் சரியான உணவும் சரியான வெப்பமும் கொடுத்து, வேறு கிருமி உள்ளே வராமல் பார்த்துக்கிட்டு, நமக்கு வேண்டிய பொருளை அதை வைத்தே தயாரிக்கிற வித்தை அது. நம்ம வீட்டு இட்லி மாவு புளிப்பதும் இதே குடும்பம்தான்.

இதை மனசுல வச்சுக்கோங்க. இன்சுலின் கிட்ட வரும்போது தேவைப்படும்.

8/
ஸ்காட்லாந்தில் ஒரு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் லெஸ்லி ஆச்சின்க்லாஸ் என்பவரைச் சந்திக்கிறார். அயர்லாந்தின் கார்க் நகரில் பயோகான் பயோகெமிக்கல்ஸ் என்ற நொதி கம்பெனி நடத்தியவர். இந்தியாவில் ஒரு கூட்டாளி தேடிக்கிட்டிருந்தார்.

அன்றைய சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி 30 சதவீதம்தான் வைத்துக்கொள்ள முடியும். மீதி 70 கிரணுடையது.

9/
நவம்பர் 1978. வாடகை வீட்டின் கார் ஷெட். முதலீடு 10,000 ரூபாய். வயசு 25. பயோகான் இந்தியா பிறந்தது.

முதல் சரக்கு இரண்டு. ஒன்று, பப்பாளிப் பாலில் இருந்து எடுக்கும் பப்பெய்ன் நொதி. இன்னொன்று, மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். நம்ம கடற்கரையில் அந்தக் காற்றுப்பையை நெட்டி என்பார்கள். இரண்டுமே பீரைத் தெளிய வைக்கப் பயன்படுபவை.

10/
இனி கடன் கதை.

வங்கிகள் கைவிரித்தன. பயோடெக்னாலஜி என்ற சொல்லே அப்போ புதுசு. கம்பெனிக்குச் சொத்து இல்லை. கேட்பதோ ஒரு இளம்பெண்.

ஒரு பெண்ணுக்குக் கீழே வேலை பார்க்கவும் ஆட்கள் தயங்கினார்கள். முதல் ஊழியர் ஒரு ஓய்வுபெற்ற மெக்கானிக்.

கடைசியில் ஒரு பொது நிகழ்ச்சியில் தற்செயலாகச் சந்தித்த ஒரு வங்கி அதிகாரி மூலம்தான் முதல் கடன் கிடைத்தது.

தற்செயலா கிடைச்சது! அந்த வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கோங்க. அந்தச் சந்திப்பு நடக்காமல் போயிருந்தால்?

11/
ஒரு வருஷத்துக்குள் பயோகான் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நொதி ஏற்றுமதி செய்தது. அதைச் செய்த முதல் இந்திய நிறுவனம் அதுதான்.

வித்தை தெரிஞ்ச ஒருத்தரிடம் பணம் போய்ச் சேர ஆன தாமதம்தான் பிரச்சினை. வித்தையில் பிரச்சினை இருந்ததே இல்லை.

12/
"அது இந்தியா, அதனால அப்படி" என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒன்று.

1962. ஸ்டெஃபனி ஷர்லி. 1939ல் நாஜிகளிடமிருந்து தப்ப ரயில் ஏற்றி அனுப்பப்பட்ட அகதிக் குழந்தை. வளர்ந்து 6 பவுண்டு முதலீட்டில், வீட்டு மேஜையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் வேலை கொடுத்தார்.

13/
தொழில் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரலை. கணவர் ஒரு யோசனை சொன்னார். ஸ்டெஃபனி என்பதற்குப் பதில் "ஸ்டீவ்" என்று கையெழுத்துப் போட்டார்.

பதில்கள் வர ஆரம்பித்தன!

கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியதும் அவருடைய பெண்கள்தான். பின்னாளில் பங்குகளை ஊழியர்களோடு பகிர்ந்ததில் 70 பேர் மில்லியனர் ஆனார்கள்.

14/
அமெரிக்கா? பெண்கள் தொழிற்கடன் வாங்க ஆண் உறவினர் கையெழுத்துப் போடணும் என்ற மாநிலச் சட்டங்களுக்கு முடிவு கட்டியது 1988ல் வந்த சட்டம்தான்.

நிலவுக்கு ஆள் அனுப்பி 19 வருஷம் கழித்து.

ஆக, பந்தல்குடி பொண்ணுகிட்ட கேட்ட முதல் கேள்வி உலகம் முழுக்கக் கேட்ட கேள்வி.

15/
இரண்டாவது கேள்வி அடமானம். அது இன்னும் ஆழமானது.

பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது 1989ல். நாடு முழுக்க வந்தது 2005ல்.

சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஆனா "தங்கச்சிக்குத்தான் நகை போட்டாச்சே" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் போகலை. பேரில் நிலம் இல்லாதவருக்கு அடமானம் ஏது?

16/
திரும்ப பயோகானுக்கு வருவோம். 1987.

ஈரமான தவிடு மாதிரிப் பொருள் மேல் பூஞ்சையை வளர்த்து நொதி எடுக்கும் முறையைப் பெரிய அளவில் செய்ய ஆசைப்பட்டார் கிரண். புதுத் தொழில்நுட்பம். தோற்கவும் வாய்ப்பு உண்டு. சாதாரணக் கடன் இதுக்குச் சரிப்படாது.

அப்போ ஐ.சி.ஐ.சி.ஐ. தலைவர் என். வாகுல். சென்னை லயோலா கல்லூரியில் படித்த நம்ம ஊர்க்காரர். இரண்டரை லட்சம் டாலர் முதலீட்டுக்கு வழி செய்தார்.

17/
கடனுக்கும் முதலீட்டுக்கும் வித்தியாசம் என்ன?

கடன் கொடுப்பவர் "திருப்பித் தர என்ன இருக்கு?" என்று கேட்பார். முதலீடு செய்பவர் "இது எவ்வளவு தூரம் வளரும்?" என்று கேட்பார்.

முதல் கேள்விக்கு நிலம் வேணும். இரண்டாவதுக்குத் தலையில் சரக்கு இருந்தால் போதும். 2024ல் காலமான வாகுல், இரண்டாவது கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்டவர்.

18/
அதற்குப் பிறகு அயர்லாந்துத் தாய்க் கம்பெனி யூனிலீவரிடம் போனது. அங்கிருந்து ஐ.சி.ஐ. என்ற கம்பெனியிடம் போனது. 1998ல் கணவர் ஜான் ஷா 20 லட்சம் டாலர் திரட்ட, அவர்களிடம் இருந்த பயோகான் பங்குகள் திரும்ப வாங்கப்பட்டன.

2004ல் பங்குச் சந்தை. விண்ணப்பங்கள் 33 மடங்கு குவிந்தன. முதல் நாளே மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது.

10,000 ரூபாயில் இருந்து, 26 வருஷத்தில்.

19/
இப்போ இன்சுலின்.

1921ல் டொராண்டோவில் கண்டுபிடித்த பிறகு, அறுபது வருஷம் இன்சுலின் வந்தது பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து. 1978ல், அதே 1978ல், அமெரிக்காவின் ஜெனென்டெக் விஞ்ஞானிகள் மனித இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்துக் காட்டினார்கள். 1982ல் அது மருந்தாக அனுமதி பெற்றது.

20/
பயோகான் 2004ல் கொண்டுவந்த மனித இன்சுலின், பிக்கியா என்ற ஈஸ்டில் வளர்ந்தது.

7வது பதிவில் சொன்னேனே, அதே ஈஸ்ட் வித்தை. "ஆம்பளைங்க வேலை" என்று சொல்லி யார் கையில் கொடுக்க மறுத்தார்களோ, அவர் கம்பெனியே அதை வைத்து இன்சுலின் தயாரித்தது.

2021ல் அவர்களுடைய கிளார்ஜின் இன்சுலின், மூல மருந்துக்குப் பதிலாக மருந்துக்கடையிலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்ற அந்தஸ்தை அமெரிக்காவில் பெற்றது. அந்த அந்தஸ்து பெற்ற முதல் இன்சுலின் அதுதான்.

21/
டாக்டர் என்ற முறையில் ஒன்று சொல்லணும். இது துதி பாடும் பதிவு இல்லை.

2020 கொரோனா நேரத்தில் இவர்களுடைய இட்டோலிசுமாப் மருந்துக்கு 30 நோயாளிகளிடம் மட்டும் நடந்த ஆய்வை வைத்து அவசர அனுமதி கிடைத்தது. மருத்துவ உலகில் பலர் கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பெண் நடத்தும் கம்பெனிக்குத் தனிச் சலுகை வேண்டாம். ஆணிடம் கேட்கும் அதே கேள்வியைக் கேளுங்க. கடன் மேஜையிலும் அதே நியாயம்தான்.

22/
இப்போ நம்ம ஊர்.

பெண்களை நம்பிப் பணம் கொடுப்பதில் தமிழ்நாடு முன்னோடி. 1989ல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அரசு தொடங்கியது. 1997ல் மகளிர் திட்டம். எங்க ஓ.பி.க்கு வரும் அம்மாக்களில் பலர் ஏதாவது ஒரு குழுவில் இருக்காங்க. கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், மகள் படிப்புன்னு எல்லாம் அதில்தான் ஓடுது.

23/
ஆனா ஒரு இடைவெளி இருக்கு. அதுதான் நான் சொல்ல வந்தது.

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து வந்தால் ஆட்டுக்குட்டிக்குப் பணம் தர்றோம். ஒரு பெண் தனியா வந்து ஃபெர்மென்டருக்குக் கேட்டால் ஆம்பளையைத் தேடுறோம்.

மாட்டுக்கடனுக்கும் பங்குச் சந்தைக்கும் நடுவே இருக்கும் அந்த 10 லட்சம், 20 லட்சத்தில்தான் நம்ம பொண்ணுங்க கதை நின்னு போகுது. பயோகானும் அங்கேயே நின்னிருக்கும்.

24/
வழிகள் இருக்கு. தெரியாதவங்களுக்காக:

நீட்ஸ்: பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசுத் திட்டம். 25 சதவீத மானியம் உண்டு. விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க.

டான்சீட்: ஸ்டார்ட்அப் டி.என். தரும் தொடக்க முதலீடு. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை.

சென்னை சிறுசேரியில் பெண்களுக்கென்றே ஒரு பயோடெக் பூங்காவும் இருக்கு. விதிமுறைகள் மாறும், நேரில் உறுதி செய்துக்கோங்க.

25/
போன வாரம் அம்மாவும் மகளும் திரும்ப வந்தாங்க. அம்மாவுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 142. பரவாயில்லை.

மகள் கையில் ஃபெர்மென்டர் கொட்டேஷன். தொழில் மையத்துக்குப் போய்ட்டு வந்தாச்சாம். கடன் இன்னும் கிடைக்கலை. "சித்தப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லலை மேடம். ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு ரெண்டு திருத்தம் சொன்னாங்க" என்றார்.

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். திருத்தம் சொன்னதுக்கே!

26/
இதைப் படிக்கும் வங்கி நண்பர்களே, அடுத்த முறை ஒரு பொண்ணு தனியா வந்து உங்க எதிரில் உட்கார்ந்தால், பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்க்காதீங்க. கையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் படிங்க. திட்டம் சரியில்லைன்னா மறுத்துடுங்க, தப்பே இல்லை. ஆனா படிச்சுட்டு மறுங்க.

அண்ணன் தம்பிமார்களே, விடுதலைப் பத்திரத்தை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

வெயில் ஏறுது, இன்சுலின் பானை மணலில் ஈரம் காயாமல் பார்த்துக்கோங்க.