அப்பாவுக்கு ஒரு கடிதம்: எழுநூறு வருடத்துக்கு முந்தைய காலேஜ் வாழ்க்கை

மாதக் கடைசி. கையில் காசு இல்லை. வீட்டில் என்ன சொல்லிப் பணம் கேட்பது? ஹாஸ்டலில் இருக்கும் யாருக்கும் இது புதிய கேள்வி இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பாரீஸிலும் பொலோன்யாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த பையன்களுக்கும் இதே தலைவலிதான். என்ன, அவர்களுக்கு போன் கிடையாது. ஊர்ப்பக்கம் போகிற ஆள் யாராவது கிடைத்தால் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் கடன்காரன் கதவைத் தட்டிவிடுவான்.

அந்தக் கடிதங்கள் இன்று எப்படிக் கிடைக்கின்றன என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் கடிதம் எழுதுவதே ஒரு பாடம். லத்தீனில் யாருக்கு எப்படி விளிக்க வேண்டும், எப்படிப் பணிய வேண்டும், எந்த இடத்தில் விஷயத்துக்கு வர வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கென்று மாதிரிக் கடிதத் தொகுப்புகள் இருந்தன. சார்ல்ஸ் ஹோமர் ஹாஸ்கின்ஸ் என்ற அமெரிக்க வரலாற்று ஆசிரியர் கையெழுத்துப் பிரதிகளில் கிடந்த இவற்றைத் தேடி, 1898-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவர் கண்டது ஒன்றுதான்: மாணவர் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை பணம் கேட்கும் கடிதங்கள்!

மாதிரிக் கடிதம்தானே, நிஜக் கடிதம் இல்லையே என்று ஒதுக்கிவிட முடியாது. எதற்கு கிராக்கி அதிகமோ அதற்குத்தான் மாதிரி எழுதி வைப்பார்கள்.

ஆக்ஸ்ஃபோர்ட் மாணவன் ஒருவன் பெயரில் இருக்கும் கடிதம் ஒரு நல்ல உதாரணம். மிகவும் கவனமாகப் படித்து வருவதாக ஆரம்பிக்கிறான். ஆனால் முன்னேற்றத்துக்குப் பணம் ஒரு தடையாக இருக்கிறதாம். போன முறை அனுப்பியது தீர்ந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். ஊரில் விலைவாசி அதிகம், அறைக்கு வாடகை, தேவையான சாமான்கள், அப்புறம் இப்போது விவரிக்க இயலாத பல செலவுகள். அந்த "பல"வில்தான் எல்லாமே இருக்கிறது :-)

அப்பாக்களும் சளைத்தவர்கள் இல்லை. மாணவன் பாடும் முதல் பாட்டே காசு வேண்டும் என்பதுதான் என்று இத்தாலிய அப்பா ஒருவர் அலுத்துக்கொள்கிறார். பெஸான்ஸோனிலிருந்து ஒரு தந்தை, ஆர்லியன்ஸில் சட்டம் படிக்கும் மகனுக்கு எழுதியது இன்னும் காரமானது. மற்றவர்கள் படிக்கும் நேரத்தில் நீ நரம்பு வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்கிறாயாமே, உன் கூட்டாளிகள் எத்தனையோ புத்தகம் முடித்துவிட்டார்கள், நீ இன்னும் ஒன்றில்தான் நிற்கிறாயாமே என்று கேட்கிறார். இந்தச் செய்தி அவருக்கு எப்படிப் போனதோ! எல்லா ஊரிலும் போட்டுக்கொடுக்க ஒரு ஆள் இருக்கத்தான் செய்கிறான்.

எல்லா அப்பாவும் திட்டவில்லை. 1315-இல் வாலென்சியா நகரத்து வைத்தியர் பேட்ரஸ் ஃபகரோலா, துலூஸில் படித்துக்கொண்டிருந்த தன் இரண்டு மகன்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். முழுக்க முழுக்க உடம்பைப் பார்த்துக்கொள்ளும் யோசனைகள். அதிகமாகச் சாப்பிடாதே, முக்கியமாக ராத்திரியில். ராத்திரியில் பச்சை வெங்காயம் வேண்டாம், அது புத்தியை மழுங்கடிக்கும். மீன் சாப்பிட்டால் பிறகு கொட்டைப் பருப்பு, இறைச்சி சாப்பிட்டால் பிறகு பாலாடைக்கட்டி. தினம் கொஞ்சம் நட. மழையோ பனியோ வெளியே போக முடியாவிட்டால், மாடிப்படியில் மூன்று நான்கு முறை வேகமாக ஏறி இறங்கு. அறையில் ஒரு கனமான தடியை வைத்துக்கொண்டு, கத்திச் சண்டை போடுவதுபோல மூச்சு வாங்கும்வரை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றி மாற்றிச் சுழற்று. வெங்காயத்தைப் பற்றி அவர் சொன்னதை விட்டுவிடலாம். மற்றதில் பாதியை இன்றைய டாக்டரும் சொல்வார். மகன்கள் அந்தத் தடியைச் சுழற்றினார்களா என்பதைத்தான் வரலாறு பதிவு செய்யவில்லை.

சரி, இந்தப் பையன்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள்?

பதினான்கு, பதினைந்து வயதிலேயே கலைப் படிப்பில் சேர்ந்துவிடுவார்கள். (பையன்கள் மட்டும்தான். பெண்களுக்கு இந்தக் கதவு திறக்க இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.) பல்கலைக்கழகத்துக்கென்று கட்டடமோ வளாகமோ ஆரம்பத்தில் கிடையாது. ஆசிரியர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பாடம் சொல்வார். பாரீஸில் கலைப் பாடங்கள் நடந்த தெருவுக்கே வைக்கோல் தெரு என்று பெயர். தரையில் வைக்கோலைப் பரப்பி அதில்தான் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். 1366-இல் அதை விதியாகவே எழுதி வைத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குத் தலைக்கனம் வந்துவிடுமாம்!

காசுள்ளவர்கள் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கினார்கள். காசில்லாதவர்களுக்காக வந்ததுதான் "காலேஜ்". ஆமாம், காலேஜ் என்ற சொல் ஐரோப்பாவில் பாடம் நடக்கும் இடமாக ஆவதற்கு முன்னால் ஏழை மாணவர் விடுதியாகத்தான் இருந்தது. பாரீஸில் 1180-இல் தொடங்கிய முதல் விடுதியில் பதினெட்டு பேருக்கு இடம். ஜெருசலேம் யாத்திரையிலிருந்து திரும்பிய லண்டன்காரர் ஒருவர், அங்கிருந்த ஆஸ்பத்திரியில் ஏழை மாணவர்களுக்கென்று ஓர் அறை இருப்பதைப் பார்த்துவிட்டு, அதையே நிரந்தர ஏற்பாடாக்கப் பணம் கொடுத்தார். பதிலுக்கு மாணவர்கள் ஒன்று செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் யாராவது இறந்தால், முறை வைத்து, பிணத்துக்கு முன்னால் சிலுவையையும் தீர்த்தத்தையும் ஏந்திக்கொண்டு போக வேண்டும். புகழ்பெற்ற சார்போனும் 1257-இல் ஏழை இறையியல் மாணவர்களுக்கான விடுதியாகத்தான் பிறந்தது.

விடுதிச் சாப்பாடு என்றைக்குமே விடுதிச் சாப்பாடுதான். பாரீஸின் மோன்டேகு விடுதியில் 1495-இல் தங்கிய அறிஞர் எராஸ்மஸ், கெட்டுப்போன முட்டையையும் அந்த இடத்தின் சுகாதாரத்தையும் கடைசிவரை மறக்கவில்லை. பல வருடம் கழித்து எழுதிய உரையாடல் ஒன்றில் அந்த விடுதியை வெளுத்து வாங்கியிருக்கிறார். இப்படி இருந்தால் பையன்கள் வெளியே போய்ச் சாப்பிடாமல் என்ன செய்வார்கள்?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. பாரீஸ் பல்கலைக்கழகத்தின் உரிமைகளில் பெரியவை இரண்டும் குடிக்கடைச் சண்டையில் கிடைத்தவை.

முதல் சண்டை 1200-இல். ஜெர்மானிய மாணவன் ஒருவனுக்காக ஒயின் வாங்கப் போன வேலைக்காரனைக் கடையில் அடித்துவிட்டார்கள். மாணவர்கள் திரண்டு போய்க் கடைக்காரரை நொறுக்கினார்கள். அதற்குப் பழிவாங்க நகர அதிகாரி ஆட்களோடு வந்து மாணவர்கள் தங்கியிருந்த இடத்தைத் தாக்கியதில் சிலர் செத்தே போனார்கள். ஆசிரியர்கள் பாரீஸை விட்டே போய்விடுவார்கள் என்று பயந்த மன்னர் இரண்டாம் ஃபிலிப், அதிகாரியைச் சிறையில் போட்டுவிட்டு ஒரு சாசனம் கொடுத்தார். இனி மாணவனை நகர அதிகாரி விசாரிக்க முடியாது, திருச்சபை நீதிமன்றம்தான் விசாரிக்கும்.

இரண்டாவது சண்டை 1229-இல், தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்ட நாளில். சேன் மார்சேல் என்ற புறநகரில் மாணவர்கள் சிலர் நல்ல ஒயின் குடித்தார்கள். பில் வந்தது. இவ்வளவா என்று தகராறு. அக்கம்பக்கத்தார் சேர்ந்து மாணவர்களை அடித்து விரட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் கட்டையும் கையுமாகக் கூட்டமாக வந்து கடையை உடைத்து, ஒயினைத் தெருவில் ஓடவிட்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடித்தார்கள். ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராஜமாதா பிளான்ச், காவலர்களை ஏவினார். அவர்கள் பிடித்ததோ, இந்தச் சண்டையோடு சம்பந்தமே இல்லாமல் ஊருக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த வேறு மாணவர்களை. பலர் கொல்லப்பட்டார்கள்.

ஆசிரியர்கள் நியாயம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. பாடத்தை நிறுத்தினார்கள், பிறகு ஊரையே காலி செய்தார்கள். சிலர் துலூஸுக்கு, சிலர் ஆர்லியன்ஸ், ஆன்ழேவுக்கு, சிலர் இங்கிலாந்து மன்னர் அழைப்பை ஏற்று அங்கே. இரண்டு வருடம் பாரீஸின் வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் ஈ ஓட்டினார்கள். அந்த இரண்டு வருடத்தில் படிப்பு பாதியில் நின்ற ஏழைப் பையன்கள் எத்தனை பேரோ, அவர்களைப் பற்றி எந்தச் சாசனமும் பேசவில்லை. கடைசியில் 1231 ஏப்ரலில் போப் ஒன்பதாம் கிரகோரி ஓர் ஆணை வெளியிட்டார். மாணவரோ ஆசிரியரோ அநியாயமாகத் தாக்கப்பட்டு, நியாயம் கிடைக்காவிட்டால் பாடத்தை நிறுத்தும் உரிமை உண்டு. ஸ்ட்ரைக் செய்யும் உரிமையேதான்! பாட நேரம், உடை இவற்றுக்கு விதி செய்துகொள்ளவும், அறை வாடகையை நிர்ணயிக்கவும் அதிகாரம் கிடைத்தது.

உடையை எதற்கு இதில் சேர்த்தார்கள் என்று தோன்றலாம். மாணவன் சட்டப்படி குருமார் வர்க்கத்தைச் சேர்ந்தவன். அதனால்தான் நகர போலீஸ் அவனைத் தொட முடியவில்லை. அவன் மாணவன் என்று எப்படித் தெரியும்? மழித்த உச்சந்தலையும் நீள அங்கியும்தான் அடையாள அட்டை. 1215-லேயே, பாடம் நடத்தும் ஆசிரியர் குதிகால்வரை தொங்கும் கறுப்பு வட்ட அங்கி அணிய வேண்டும், கூர்மூக்கு வைத்த செருப்பு போடக் கூடாது என்று பாரீஸில் விதி வந்துவிட்டது. கூர்மூக்குச் செருப்புதான் அன்றைய ஃபேஷன். விதி போடுகிறார்கள் என்றாலே யாரோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1342-இல் இங்கிலாந்தில் காண்டர்பரி பேராயர் புலம்பியதைப் பார்த்தால் அது உறுதியாகிறது. குருமார் வர்க்கத்தினர் தோள்வரை முடி வளர்க்கிறார்கள், சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட காலணி அணிகிறார்கள், இடுப்பில் கத்தி வேறு. காப்பாற்றும் அங்கி வேண்டும், ஆனால் அழகாகவும் தெரிய வேண்டும். என்ன செய்வது, வயசு அப்படி. இன்று பட்டமளிப்பு விழாவில், சென்னை வெயிலில் வேர்க்க விறுவிறுக்கப் போட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்பு அங்கி இந்த வம்சத்தில் வந்ததுதான்.

ராகிங்கும் இருந்தது. புதிதாக வந்தவனுக்கு "மஞ்சள் மூக்கு" என்று பெயர், இறகு முளைக்காத குஞ்சு என்று பொருள். ஜெர்மானிய ஊர்களில் இன்னும் மோசம். புதியவனை ஒரு மிருகமாகப் பாவித்து, தலையில் கொம்பும் வாயில் பன்றிப் பல்லும் இருப்பதாக வைத்து, ரம்பத்தாலும் குறட்டாலும் அவற்றை "அகற்றும்" சடங்கு நடக்கும். எல்லாம் முடிந்து அவன் மனிதனானதும், பழைய மாணவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். செலவு அவனுடையது. அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் "விவரிக்க இயலாத" செலவு என்றானே, இதுவும் அதில் ஒன்றாக இருந்திருக்கலாம். 15-ஆம் நூற்றாண்டு ஹைடல்பெர்க் மாணவர் கையேடு ஒன்று இந்தச் சடங்கை வேடிக்கையாக வர்ணிக்கிறது. அனுபவித்தவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது.

வெளியே போய்ச் சாப்பிட்டதில் மிக மோசமாக முடிந்தது ஆக்ஸ்ஃபோர்டில். 1355 பிப்ரவரி 10, புனித ஸ்கொலாஸ்டிகா நாள். ஊர் நடுவில் இருந்த ஸ்விண்டில்ஸ்டாக் கடையில் ஒயின் சரியில்லை என்று மாணவர்கள் குறை சொன்னார்கள். கடைக்காரர் வெடுக்கென்று பதில் சொன்னார். ஒயின் அவர் முகத்தில் பறந்தது, பின்னாலேயே பாத்திரமும். நகரத்தார் ஒரு கோயில் மணியை அடித்து ஆள் திரட்ட, மாணவர்கள் வேறொரு கோயில் மணியை அடித்து ஆள் திரட்டினார்கள். மறுநாள் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆயுதங்களோடு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வெளி ஊர்ப் பையன்கள் மேல் ஊர்க்காரர்களுக்கு இருந்த பல வருடக் கோபம் அது. இவர்கள் என்ன செய்தாலும் நகரச் சட்டம் தொடாதே! மூன்று நாள் வெறியாட்டத்தில் மாணவர் பக்கம் 63 பேரும், ஊர்க்காரர்களில் சுமார் 30 பேரும் இறந்ததாகக் கணக்கு.

பாரீஸில் கிடைத்ததுபோலவே இங்கேயும் சாசனம் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக வந்தது. அதே ஆண்டு ஜூனில் மன்னர் மூன்றாம் எட்வர்ட் கொடுத்த உரிமையின்படி, ஆக்ஸ்ஃபோர்டில் விற்கும் ரொட்டி, பீர், ஒயின் இவற்றின் விலை, தரம், எடை, அளவு எல்லாம் பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஒயின் சரியில்லை என்று ஆரம்பித்த சண்டை அல்லவா! செத்த ஊர்க்காரர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, மேயரும் நகரத்தார் 62 பேரும் ஒவ்வொரு வருடமும் அதே நாளில் புனித மேரி ஆலயத்துக்கு வந்து வழிபட்டு, தலைக்கு ஒரு பென்னி வைக்க வேண்டும் என்று தண்டனை.

சண்டை போட்டவர்களும் அவர்கள் பேரன்களும் போய்ச் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. 1825-இல் ஒரு மேயர் முடியாது என்று மறுக்கும்வரை, 470 வருடம், வருடா வருடம் நடந்தது. 1955 பிப்ரவரி 10 அன்று, அறுநூறாவது ஆண்டில், பல்கலைக்கழகம் மேயருக்கு கௌரவப் பட்டமும், நகரம் துணைவேந்தருக்கு கௌரவக் குடிமகன் தகுதியும் கொடுத்து ராசியானார்கள். கடை 1709-லேயே மூடியாயிற்று. அது இருந்த மூலையில் இப்போது சுவரில் ஒரு கல்வெட்டு மட்டும் இருக்கிறது.