எந்த வேடம் யாருக்கு?

பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில் ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்குரை காதை. மதுரைப் பக்கம் நாடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். கண்ணகி வேடத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒருத்திக்குக் கணீரென்ற குரல். வசனம் முழுவதையும் தாளைப் பார்க்காமலே சொன்னாள். அவளுக்கு நான் வாயிற்காவலன் வேடத்தைக் கொடுத்தேன். "உன் குரலுக்கு அது எடுப்பா இருக்கும்மா" என்றேன். கண்ணகியாக நின்றவள் வேறொருத்தி. சிவந்த நிறம். அவள் பேசியது மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை.

ஒத்திகை முடிந்த ஒரு மாலையில் நாகமலை புதுக்கோட்டையில் பேருந்துக்காக நின்றோம். எதிரே மலை இருட்டிக்கொண்டு வந்தது. "அம்மா" என்றாள் அவள். தமிழ்த்துறையில் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கண்ணகி சிவப்பா இருந்தாங்கன்னு எங்கயாவது வருதாம்மா?"

கோவலன் கொஞ்சும் உவமைகளைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரவில்லை. அவள் கேட்டது நிறத்தை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும்தான்.

பின்னாளில் பி. கே. ரோஸியின் கதையைப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

ரோஸியின் இயற்பெயர் ராஜம்மா. திருவனந்தபுரத்துப் புலையர் குடும்பத்துப் பெண். புல்லறுத்து விற்றுப் பிழைத்த வீடு. காக்காரிசி நாடகத்தில் நடித்துவந்தார். சிவனும் பார்வதியும் காக்கானும் காக்காத்தியுமாக, குறி சொல்லும் நாடோடிகளாக வந்து ஊரைக் கேலி பேசும் நாடகம் அது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. நம் குறவஞ்சியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்நியமாக இராது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த மேடையில் ஒரு பெண் ஏறி ஆடியதே அன்று பெரிய காரியம்.

ஜே. சி. டேனியல் நிலத்தை விற்ற பணத்தில் 'விகதகுமாரன்' எடுத்தார். மலையாளத்தின் முதல் படம், மௌனப்படம். அதில் கதாநாயகி ஒரு நாயர் பெண். அந்த வேடம் ரோஸிக்குக் கிடைத்தது. திருவனந்தபுரம் கேபிட்டல் அரங்கில் படம் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. அடுத்து நடந்ததாகச் சொல்லப்படுவது இதுதான். புலையப் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வந்ததைச் சாதி இந்துக்களால் பொறுக்க முடியவில்லை. நாயகன் அவர் தலையில் சூடிய பூவை எடுத்து முத்தமிடும் காட்சியில் கூச்சல் எழுந்தது, கல் பறந்தது, திரை கிழிந்தது. பிறகு ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஒரு லாரியில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பினார். அதன்பின் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

ஒரு தலித் பெண் நடித்தது மட்டுமே அவர்களுக்குப் பிரச்சினையா? காக்காரிசியில் அவர் ஆடியபோது யாரும் வீட்டைக் கொளுத்தவில்லையே! காக்காத்தியாக வந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நாயர் பெண்ணாக வந்தபோதுதான் கல்லெடுத்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே விதி இருந்தது. ஹாட்டி மெக்டேனியல், அடிமையாகப் பிறந்த தகப்பனின் மகள். பாடகியாகவும் மேடை நடிகையாகவும் இருந்து திரைக்கு வந்தவர். ஹாலிவுட் அவருக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தது வேலைக்காரி வேடம். 1939-இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்திலும் அதுதான். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு, நிறப்பிரிவினைச் சட்டத்தால், அவரால் போக முடியவில்லை. 1940-இல் அதே வேடத்துக்காக ஆஸ்கர் பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே. விருது விழாவில் அவருக்குச் சுவரோரமாகத் தனி மேசை. 1952-இல் இறந்தபோது, அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்திலும் இடம் மறுத்தார்கள். வேலைக்காரியாக நடித்ததற்குப் பரிசு கொடுத்தவர்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தயாராயில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1915-இன் 'பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக நடித்தார்கள். யாரும் அதை ஆள்மாறாட்டம் என்று சொல்லவில்லை. நம் ஊரில் நந்தனார் கதை எத்தனை முறை படமானது! 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடிக்க கே. பி. சுந்தராம்பாள் 1 லட்சம் ரூபாய் வாங்கியது இன்றும் பேசப்படுகிறது. 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தேவாரம் ஓதும் மரபில் வந்த தண்டபாணி தேசிகர் சேரி மனிதராக நின்று பாடினார். ஊரே உருகியது. மேலிருந்து கீழே வேடம் கட்டி இறங்கினால் பக்தி, கலை. கீழிருந்து மேலே ஏறினால் குற்றம். ரோஸி மீறியது இந்த விதியை.

கறுப்பருக்கு ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. ஆஸ்கார் மிஷோ என்ற கறுப்பு இயக்குநர் 1920-இல் 'விதின் அவர் கேட்ஸ்' எடுத்தார். மேடையில் பேர் பெற்ற எவலின் பிரியர் அதில் கதாநாயகி. வேலைக்காரியாக அல்ல, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்காகப் பணம் திரட்ட அலையும் ஆசிரியையாக. கறுப்பருக்கென்று படமெடுப்பவர்களும் அரங்குகளும் பத்திரிகைகளும் இருந்ததால் அது முடிந்தது. தொலைந்துவிட்டதாக நினைத்த அந்தப் படத்தின் பிரதி ஸ்பெயினில் கிடைத்தது. இன்று எவலினின் முகத்தை நாம் பார்க்கலாம். ரோஸிக்கு அப்படி ஒரு கூட்டம் பின்னால் நிற்கவில்லை. 'விகதகுமாரன்' படச்சுருள் மிஞ்சவில்லை. இதுதான் ரோஸி என்று உறுதியாகச் சொல்ல ஒரு புகைப்படமும் இல்லை.

நாகர்கோவிலில் அவர் லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்தார். கணவர் நாயர். அந்தக் குடும்பத்துப் பெண்ணாகவே வாழ்ந்து முடித்தார். திரையில் சில நிமிடங்கள் ஏற்ற வேடத்துக்காக விரட்டப்பட்டவர், அதே வேடத்தை ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டியிருந்தது. பிறந்த சாதியும் நடித்த படமும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை ஆயின. தமிழ்நாடு அவருக்கு அடைக்கலம் தந்தது என்று நாம் பெருமை பேசலாம். அடைக்கலத்துக்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

2019-இல் கேரளத்துத் திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு ரோஸி பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கியது. சென்னையில் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பு அவர் பெயரில் திரைவிழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் ரோஸியின் ஓவியம் வந்தது. அன்று வகுப்பில் கைபேசியைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பாடத்தை மூடி வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். வாயிற்காவலன் கதையையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

நான் கல்லெறியவில்லை, தீ வைக்கவில்லை. "எடுப்பா இருக்கும்மா" என்று அன்பாகத்தான் சொன்னேன். அந்த அன்புக்குள் அதே விதி இருந்தது.

இப்போது வேடம் பிரிக்கும் நாளில் நான் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தைக் கேட்கிறேன். குரல் கடைசி வரிசைக்குப் போகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அன்றைய வாயிற்காவலனின் குரல் போயிருக்கும்.