திருத்தக் குறிகையின் வரலாறும் திருப்பதி வானமும்

செயற்கைக்கோள் வழிகாட்டலின் வரலாற்றை ஏவூர்திகளின் வரிசையாக எழுதுவதே நம் வழக்கம். திருத்தக் குறிகையைப் பெறும் ஏற்பியின் பக்கமிருந்து நோக்கினால் வேறொரு வரலாறு தென்படுகிறது. அதன் இரு முக்கிய இடங்கள் திருப்பதி வட்டாரத்தில் உள்ளன.

இடம் துல்லியமாக அறியப்பட்ட நிலையம் ஒன்று ஜி.பி.எஸ். பிழையைக் கணித்து, ஏறத்தாழ 300 கிலோஹெர்ட்ஸில் கப்பல்களுக்கு ஒலிபரப்புவது பழைய முறை. இந்தியக் கடற்கரையிலும் கலங்கரை விளக்கத் துறை இதனை நிறுவியது. இதற்கு மாலுமியிடம் தனி வானொலி ஏற்பி வேண்டும். அமெரிக்கா 2003இல் நடைமுறைப்படுத்திய ‘வாஸ்’ அமைப்பு அத்தேவையை நீக்கியது. திருத்தம் புவிநிலைக் கோளிலிருந்து ஜி.பி.எஸ். குறிகையின் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் வந்ததால், ஓர் ஏற்பியே இரண்டையும் பெற்றது. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ‘ககன்’ இம்மரபினது.

ஆனால் வாஸின் கணக்கு நம் வானத்துக்குப் பொருந்தவில்லை. அது அயனமண்டலத்தை 350 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஒற்றை மெல்லிய படலமாகக் கொண்டது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியிலோ எலக்ட்ரான் அடர்த்தி இடத்துக்கிடம் கடுமையாக மாறுகிறது; கதிரவன் மறைந்தபின் எழும் பிளாஸ்மா குமிழிகள் குறிகையைச் சிதறடிக்கின்றன. திருப்பதிக்கு அருகே காதங்கியில், 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் எம்.எஸ்.டி. ரேடார் 1990கள் முதல் ஆராய்ந்துவரும் நிகழ்வுகளுள் இத்தகைய ஒழுங்கின்மைகளும் அடங்கும். அந்த ரேடார் ககனுக்காகக் கட்டப்பட்டதன்று. எனினும் ககன் எதிர்கொண்ட இடர் அதே வானத்தின் இடர்தான். எனவே இஸ்ரோ பல அடுக்குகளைக் கொண்ட தனிக் கணிப்புமுறையை வகுத்தது.

மற்றோர் இடம் ஸ்ரீஹரிகோட்டா. 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் அடங்குவது. 2010 ஏப்ரல் 15 அன்று, உள்நாட்டுக் கிரையோஜெனிக் பொறியின் முதற்பறப்பு தோற்றபோது, ககன் கருவியைச் சுமந்த ஜிசாட்-4 வங்கக் கடலில் வீழ்ந்தது. அடுத்த கருவி 2011 மே மாதம் ஜிசாட்-8இல், பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ஏவூர்தி வழியாகவே விண்ணேறியது. விமானம் தரையிறங்கும் அணுகலில் செங்குத்து வழிகாட்டலுக்கான சான்று 2015 ஏப்ரலில் கிடைத்தது.

‘தொழில்நுட்பப் பரிமாற்றம்’ என்ற சொல்லை ஆளும் ஆய்வு மாணவர்கள் இதனைக் கருதுதல் வேண்டும். ஏற்பியின் தரம் உலகப் பொதுவாயிருந்தது. அதனால் அதனை அப்படியே ஏற்க முடிந்தது. அது பெறும் திருத்தமோ அவ்வவ் வானத்துக்கு உரியது. அதனை இங்கேயே அளந்து அறிய வேண்டியிருந்தது.