நின்ற கடிகாரங்களை ஓட வைத்தவர்

நம்மில் பலருடைய வீட்டுப் பெட்டியின் அடியில் பாட்டனார் கட்டிய கைக்கடிகாரம் ஒன்று ஓடாமல் கிடக்கக்கூடும். அத்தகைய பழங்கடிகாரத்தைப் பிரித்து, அழுக்கெடுத்து, எண்ணெயிட்டு மீண்டும் ஓடச் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உண்டு. இதனால் உலகுக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடையாக அமைந்தவர் ரூபர்ட் கூல்டு என்னும் ஆங்கிலேயர்.

கூல்டு கடற்படை அதிகாரி. 1914இல் போர் மூண்டபோது மனநலம் குன்றிக் கப்பற்பணியை விட்டு விலகியவர். 1920இல் அவர் கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தில் நான்கு பழைய கடிகாரங்களைக் கண்டார். பித்தளை உறுப்புகளில் களிம்பு ஏறியிருந்தது. அவை பேணுவாரின்றிக் கிடந்தன. அவற்றைச் செய்தவர் 1693இல் பிறந்த ஜான் ஹாரிசன் என்னும் தச்சர்.

அக்கடிகாரங்களின் பெருமை யாது? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால், அந்நேரத்தைக் கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையை அறியலாம். அது இல்லாமையால் கப்பல்கள் பாறைகளில் மோதின, மாலுமிகள் மாண்டனர். இக்குறையைத் தீர்ப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசளிப்பதாக 1714இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. ஹாரிசன் தம் வாழ்நாளையே இதற்கு ஈந்தார். 1759இல் அவர் முடித்த நான்காவது கடிகாரம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் குறுக்களவே உடையது. பெரிய பைக்கடிகாரம் போன்றது. 1761இல் ஜமெய்க்காவை நோக்கிய பயணத்தில், 81 நாட்களில் அதன் பிழை ஏறத்தாழ 5 வினாடியே என்று கணக்கிடப்பட்டது.

இத்தகைய செல்வம் களிம்பேறி அழிவதைக் கூல்டுக்குப் பொறுக்க முடியவில்லை. ஊதியமின்றித் தாமே துப்புரவு செய்வதாக அரசு வானியலாளர் பிராங்க் டைசனிடம் கேட்டு இசைவு பெற்றார். அவர் கடிகாரத் தொழில் பயின்றவர் அல்லர். தொப்பி துடைக்கும் சாதாரணத் தூரிகை ஒன்றைக் கொண்டே முதற்கடிகாரத்தில் தொடங்கினார். முழுதாக இரண்டு அவுன்சு அழுக்கும் களிம்பும் வெளிவந்தன. மூன்றாவது கடிகாரம் மட்டும் அவருடைய ஏழு ஆண்டுகளைக் கொண்டது. எதை எப்படிப் பிரித்தார், எப்படிப் பூட்டினார் என்பதைப் படங்களோடு 18 குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். பின்வருவோர் தம் வழியை அறிய வேண்டும் என்பதே அவர் கருத்து.

இதற்கிடையே அவர் வாழ்வில் புயல் வீசிற்று. 1927இல் மணவாழ்க்கை நீதிமன்றத்தில் முறிந்தது. கடற்படைத் தலைமையகத்தில் இருந்த பதவியும் போயிற்று. ஆயினும் எடுத்த பணியை அவர் கைவிடவில்லை. 1933இல் முதற்கடிகாரமும் மீண்டும் ஓடிற்று. அவருடைய பதின்மூன்று ஆண்டு உழைப்பு நிறைவுற்றது. 1948இல் கூல்டு மறைந்தார்.

இன்றும் கிரீனிச்சில் முதல் மூன்று கடிகாரங்கள் ஓடும் நிலையில் உள்ளன; அவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. நான்காவதை மட்டும் ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருக்கின்றனர். அது எண்ணெயால் இயங்குவது, ஓடினால் தேயும். பழம்பொருளைப் பேணுவோர் ஓட்டவும் அறிய வேண்டும், நிறுத்தவும் அறிய வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பாட்டனாரின் கடிகாரம் கிரீனிச்சுக்குச் செல்லப்போவதில்லை. எனினும் அதைத் திறக்க முற்படுவீர்களாயின், கூல்டின் முறையைக் கைக்கொள்ளுங்கள். அவசரப்படாதீர்கள்; ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் அதன் இடத்தை எழுதி வையுங்கள். செய்தவன் கைவண்ணத்தை அழிக்காமல் அழுக்கை மட்டும் அகற்றுவதே சீர்திருத்துவோனின் கடமை.