படிப்பின் விலை

ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க என்ன செலவாகும்? தோட்டத்துப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி இது.

முன்பு மலாக்காத் தோட்டங்களிலே பெரும்பாலோருக்குத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்றுவிடும். 1962-இல் நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் நீங்கியது. ஆயினும் ஆறாம் வகுப்பு முடிவில் நுழைவுத் தேர்வொன்று வழிமறித்தது. தவறியவர்கள் பால்மரத்துக்கே திரும்பினார்கள். 1964-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. 1965 முதல் நம் பிள்ளைகள் புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்தனர். அங்கும் ஐந்தாம் படிவத்தில் குறைந்த புள்ளி பெற்றோருக்கு மேற்கொண்டு வழி குறுகியே இருந்தது.

2001-இல் அரசாங்கம் சமூகக் கல்லூரிகளைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் மஸ்ஜித் தானா, ஜாசின், சிலாண்டார் ஆகிய இடங்களில் அவை உள்ளன. எஸ்.பி.எம். முடித்துக் கைத்தொழில் கற்க விரும்பும் இளைஞர்களுக்கே முழுநேரப் படிப்பு. குறுகிய காலப் பயிற்சிக்கு வயது வந்தோரும் போகலாம். கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு.

பிறகு எது தடுக்கிறது? பதினெட்டு வயதுப் பிள்ளை தொழிற்சாலைக்குப் போனால் மாதக் கடைசியில் சம்பளம் வரும். கல்லூரிக்குப் போனால் பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் வரும். வராமற்போன அந்தச் சம்பளமே படிப்பின் பெரிய விலை. அதை எந்தச் சட்டமும் நீக்கவில்லை, குடும்பமே சுமக்கிறது. அண்ணன் சம்பளத்தில் தங்கை படித்த வீடுகள் நம்மிடையே உண்டு. தேர்வு முடிவு வரும் அன்றே, நாமெல்லாரும் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.